செவ்வாய்க்கிழமை திருப்பிய ஸ்டீயரிங்

அந்த ஜீப்பின் ஸ்டீயரிங்கைச் செவ்வாய்க்கிழமை திருப்பினால் சக்கரங்கள் வெள்ளிக்கிழமை திரும்பும். நீர்வழங்கல் அலுவலகத்தின் வண்டிப் புத்தகத்தில், எண்ணெய் மாற்றிய தேதிக்கும் பின்கதவின் தாழ்ப்பாள் கழன்ற தேதிக்கும் நடுவில், இது ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கிறது: 'திருப்பம் போய்ச் சேர மூன்று நாள்.' கீழே ஓட்டுநரின் கையெழுத்து. அதற்கும் கீழே, பச்சை மையில், 'பார்த்தேன்' என்று தலைமைப் பொறியாளரின் கையெழுத்து. அவர் பார்க்கவில்லை. பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் எதையும் பார்த்ததில்லை. ஆனால் வைக்கிற தாளிலெல்லாம் 'பார்த்தேன்' என்று எழுதிவிடுவார். ஒருமுறை கேன்டீன்காரர் தவறுதலாக நீட்டிய டீ வடிகட்டித் துணியிலும் எழுதியிருக்கிறார்.

ஓட்டுநருக்கு அலுவலகம் வைத்த பெயர் நேர்கோடு. இருபத்திரண்டு வருஷமாக ஒரே தலைவகிடு, ஒரே நாற்காலி, ஒரே நேரத்துக்கு ஒரே கடையில் டீ. அவன் தெருவில் போனால் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். அப்படிப்பட்டவனிடம்தான் இந்த வண்டி வந்து மாட்டியது. கல்லும் மண்ணும் ஏறுவதற்கென்றே செய்த வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலைமேல் இருக்கிற தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போக அதை விட்டால் வேறு கதியில்லை. ஆண்டறிக்கையின் அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஒருநாள் தலைமைப் பொறியாளர் தாமே ஓட்டி, ஒரு வடிகாலை ஜீப்போடு தாண்டினார். படம் நன்றாக வந்தது. ஜீப் காற்றில் இருக்கிறது, அவருடைய தொப்பி அதற்கும் மேலே இருக்கிறது. வண்டி தரைக்கு வந்தபோது அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அது படத்தில் விழவில்லை, ஆகவே அறிக்கையிலும் வரவில்லை.

மறுநாள் ஸ்டீயரிங்கில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டம் இருந்தது. வயதான ஜீப்புக்கு அது நடுவயதுக்காரனின் தொப்பை மாதிரி, யாரும் கேள்வி கேட்பதில்லை. நேரான சாலையிலும் வண்டி குடித்தவனைப்போல இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலைந்தது. ஒரு வாரம் கழித்து, மருந்துக்கடை முனையில் திருப்பினால் வண்டி மூன்று கடை தள்ளித் தையல்காரர் வாசலில் திரும்பியது. பிறகு திருப்பிவிட்டுப் பத்து எண்ண வேண்டியிருந்தது. இரண்டாம் மாதம், காலையில் அலுவலக கேட்டுக்குள் நுழையத் திருப்பியதற்கு, சாயங்காலம் ஷெட்டில் நின்றுகொண்டிருந்த ஜீப் யாருமில்லாத நேரத்தில் முன்சக்கரங்களை மெதுவாக இடப்பக்கம் திருப்பியது. மழைக்காலம் முடிவதற்குள் தாமதம் மூன்று நாளாக வளர்ந்து, எல்லா அறையையும் பார்த்துவிட்டு ஒன்றில் பெட்டியை இறக்கிவைத்த வாடகைக்காரர்போல, அங்கேயே தங்கிவிட்டது.

நிபுணர்கள் வராமலில்லை. முதலில் வந்தவர் ஸ்டீயரிங் பெட்டியின் தலையில் இருக்கிற திருகைக் கால் சுற்று முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "இப்பப் பாருங்க" என்றார். பார்த்தார்கள். திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வர மறுத்தது, தாமதம் ஒரு மணி நேரம் கூடியது. இரண்டாமவர் உதறலைத் தாங்குகிற குழாய் ஒன்றைப் புதிதாகப் போட்டார், அதற்கு மஞ்சள் பெயின்டும் அடித்தார். வண்டி அலைவது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். இருமலுக்கு வாயைப் பொத்தியது மாதிரி. மூன்றாமவர் டயர்களைக் கழற்றி எடைபோட்டார். மூவருமே வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டு, கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் முடுக்கினார்கள். இறக்கிவைத்ததும் எல்லாம் பழையபடி தளர்ந்தது. கடைசியில் ஒரு குழு அமைந்தது. அது எண்பத்துநாலு பக்கம் எழுதி, வண்டி தன் காலத்தைவிட முன்னே இருப்பதாக முடித்தது.

நேர்கோடு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பிரேக்கும் ஹாரனும் அன்றன்றைக்கு வேலை செய்தன; ஸ்டீயரிங்தான் மூன்று நாள் பிந்தியது. ஆகவே கால்களைச் செவ்வாய்க்கிழமையிலும் கைகளை வெள்ளிக்கிழமையிலும் வைத்து ஓட்டக் கற்றுக்கொண்டான். மூன்று நாள் கழித்து எங்கே போக வேண்டும், எந்த நிமிஷம் எந்த முனை, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஏறி உட்காருகிறவர்கள் முதல் தடவை கைப்பிடியைத் தேடுவார்கள். அவன் வலப்பக்கம் ஒடித்துத் திருப்புவான், வண்டி இடப்பக்கம் ஒய்யாரமாக வளையும். அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பான், வண்டி சந்தைக் கூட்டத்துக்குள் பாம்புபோல நெளிந்து வெளியே வரும். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருப்பான். "அது சனிக்கிழமையா? திருப்பினது போதும், சாப்பிடுங்க. குழம்பு தொடைக்கு வந்து சேர மூணு நாள் ஆகாது" என்பாள் மனைவி. அவள் அதே அலுவலகத்தில் தட்டச்சர். தலைமைப் பொறியாளர் பேசுவதையெல்லாம் மனிதர்கள் பேசுவதுபோல மாற்றித் தட்டுவது அவள் வேலை.

ஆனால் இந்தக் கோளாறு தலைமைப் பொறியாளரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. முன்பெல்லாம் காலை டிபனுக்கு நடுவில் எங்கே போகலாம் என்று முடிவு செய்வார். இப்போது மூன்று நாள் முன்னதாகவே ஓட்டுநரிடம் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாக அவர் எங்கே வருவார் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தது. போகிற இடத்திலெல்லாம் குழாய்க்குப் புது வர்ணம் அடித்திருந்தது, ஒழுகுகிற இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி மறைத்திருந்தார்கள். எங்கும் எந்தக் குறையும் இல்லை என்று அவர் தலைமையகத்துக்கு எழுதினார். தலைமையகம் அவருடைய தொலைநோக்கைப் பாராட்டிக் கண்ணாடியில் செய்த ஒரு பெரிய கண்ணை விருதாக அனுப்பிவைத்தது. அதை மேஜைமேல் வைத்தார். அந்தக் கண்ணாவது எதையாவது பார்க்கும் என்று அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை பிறந்தது. அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டது: ஜீப்பின் ஸ்டீயரிங்கில் யாரும் கைவைக்கக் கூடாது, அது அலுவலகத்தின் திட்டமிடும் உறுப்பு.

இப்படியே ஓடியிருக்கும், குளவி வராமலிருந்தால். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை மலைமேல் புதுத் தொட்டித் திறப்புவிழா. தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அன்றைக்கு முன்சீட்டில் தலைமைப் பொறியாளர், பின்னால் அந்த இருவரும், அவர்களுக்கு எதிரே மடியில் பேச்சுத் தாளோடு தட்டச்சரும். நேர்கோட்டின் மனைவிக்கு இந்த மலையில் ஏறுவதே இதுதான் முதல் தடவை. அவளுக்காக அவன் வளைவுகளை இன்னும் மிருதுவாகத் திருப்பினான். வண்டி ஏரிக்கரைமேல் போய்க்கொண்டிருந்தது, கைகள் வெள்ளிக்கிழமை மலையில் ஏறிக்கொண்டிருந்தன. பதினோரு மணிக்குமேல் கைகள் கழுத்து வளைவுக்கு வந்தன. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் காற்று, நடுவில் ஒரு ஜீப்புக்கு மட்டும் இடம். அப்போதுதான் குளவி அவனுடைய சட்டைக் காலருக்குள் நுழைந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக நேர்கோடு கோணலானான். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முட்டும்வரை ஒடித்தான், பிரேக்கை மிதித்தான், இறங்கி ஓடினான், ஏரிக்கரையில் நின்று சட்டையைக் கழற்றி ஆடினான். குளவி போனதும், தான் செய்த காரியம் மண்டையில் உறைத்தது. ஒடித்தது ஒடித்ததுதான். அந்தத் திருப்பம் வண்டிக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கழுத்து வளைவில், மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, அது வெளியே வரும்.

வீட்டில் சொன்னபோது அவள் முதலில் அவனுடைய கழுத்தில் மருந்து தடவினாள். பிறகு, "அந்த இடம் வந்ததும் பிரேக்கை மிதிச்சுட்டு நின்னுடுங்களேன்" என்றாள்.

"நின்னா? அதுக்கு மேல ஏழு வளைவு இருக்கு. ஒண்ணையாவது திருப்பி வச்சேனா? குளவியோட ஆடிட்டு இருந்தேன். அங்கேயே உக்காந்து திருப்பி வச்சுட்டு, அது வந்து சேர மூணு நாள் காத்திருக்கணும். சீஃபோட."

"அதுக்குக் கீழ விழறதே மேல்" என்றாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுபோனது.

புதன்கிழமை நேர்கோடு தலைமைப் பொறியாளர் முன்னால் நின்று, விழாவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்றார் அவர். வேறு வண்டி ஏதாவது என்றான். தொலைநோக்கு விருது வாங்கிய வண்டியில்தான் போக வேண்டும் என்று மேலிடம் விரும்புவதாகச் சொன்னார். அப்படியானால் வண்டி கழுத்து வளைவில் பள்ளத்துக்குள் போய்விடும் என்று அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர் கண்ணாடிக் கண்ணைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். "உனக்குப் பயமா இருந்தா லீவு போட்டுக்கோ. நானே ஓட்டறேன். எப்படியும் எல்லாம் முன்னாடியே திருப்பி வச்சதுதானே? உக்காந்தா போதும்" என்றார். ஒரு நாற்காலியைப் பற்றி அவருக்கிருந்த மொத்த அபிப்பிராயமும் அதுதான்.

நேர்கோடு நேரே அண்ணியிடம் போனான். அண்ணி என்றால் ஊருக்கே அண்ணி. சந்தை முனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார், தொண்ணூறு வயது லாரிக்காரரும் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். நிஜமான கொழுந்தன் ஊரில் இவன் ஒருவன்தான். அண்ணன் அதே ஷெட்டில் டயருக்குக் காற்றடிப்பார், வாயைத் திறந்தால் காற்று வீணாகிவிடும் என்பதுபோல இருப்பார். அலுவலக வண்டிகள் அங்கே போவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பக்கத்து டயர் மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது என்று தலைமைப் பொறியாளர் எல்லோர் முன்னாலும் கேட்டதற்கு, "டயர்ல குத்தம் இல்லீங்க, ஐயா உக்கார்ற பக்கம் அது" என்று அண்ணி உள்ளதைச் சொல்லிவிட்டார்.

அவன் சொன்னதையெல்லாம் அண்ணி ஒரு பேரிங்கைக் கழுவிக்கொண்டே கேட்டார். ஆச்சரியப்படவில்லை. இதற்குமுன் நேற்றைக்கு மட்டுமே ஸ்டார்ட் ஆகிற ஒரு டிராக்டரைச் சரிசெய்தவர் அவர். "தூக்கி வச்சுப் பாத்தாங்களா, இறக்கி வச்சுப் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாரும் தூக்கித்தான் பாத்தாங்க அண்ணி."

"ஆமா, அந்தரத்துல தொங்கறப்போ எவனும் யோக்கியன்தான். பாரம் ஏறினாத்தானே யார் தளந்திருக்கான்னு தெரியும்? நாளைக்கு மத்தியானம் நான் அங்க வர்றேன் கொழுந்தனாரே. உங்க சீஃபை மூணு மணி நேரம் எங்கேயாவது கட்டிப் போடுங்க."

கட்டிப்போடுகிற வேலையைத் தட்டச்சர் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை மத்தியானம் தலைமைப் பொறியாளர் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச்சை ஒத்திகை பார்ப்பார். பேச்சு பதினேழு பக்கம். காலையில் அவள் அதோடு இன்னும் பதினாலு பக்கம் தட்டிச் சேர்த்தாள். ஒவ்வொரு பக்கமும் 'இறுதியாக ஒன்றைச் சொல்லி' என்று தொடங்கியது. அவர் ஒவ்வோர் இறுதியையும் கைகளை விரித்து, குரலை உயர்த்தி, கண்ணாடி முன்னால் சொல்லிப்பார்த்தார். தாம் இவ்வளவு எழுதச் சொன்னோமா என்ற சந்தேகம் அவருக்கு ஒருமுறைகூட வரவில்லை. தம்முடைய பேச்சு நீளமாக இருக்கிறது என்று எந்தப் பெரிய மனிதருக்காவது தோன்றியிருக்கிறதா?

பின்பக்க மைதானத்தில் அண்ணி ஒரு சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்தார். அவருடைய முறை இதுதான்: வண்டி தன் பாரத்தோடு நாலு காலில் நிற்க வேண்டும், என்ஜின் அணைந்திருக்க வேண்டும், நம்பகமான ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடத்தில் ஒரு சாண், வலத்தில் ஒரு சாண் என்று தொட்டில்போல ஆட்ட வேண்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கண் பொய் சொல்லும், கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நேர்கோடு ஆட்டினான். ஸ்டீயரிங் தண்டில் அசைவு உடனே வந்தது. பெட்டிக்குள் போனது, பெட்டியை விட்டு ஒழுங்காக வெளியே வந்தது. மூன்று நிபுணர்களும் சந்தேகப்பட்ட பெட்டி ஒரு பாவமும் அறியாதது. பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகிற தண்டிலும் அசைவு இருந்தது. அந்தத் தண்டு தள்ளியபோது சக்கரம் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக, முன்சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற மொத்த அச்சும், 'நான் கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்' என்பதுபோலப் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்துகொண்டது.

அச்சு அப்படி நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குத் தண்டு உண்டு, ஒரு நுனி வண்டியின் அடிச்சட்டத்தில், மறுநுனி அச்சில். அண்ணி சட்டத்துப் பக்கத்து போல்ட்டில் கையை வைத்தார். "இங்க வாங்க தம்பி" என்றார். நேர்கோடு இறங்கிப் பக்கத்தில் படுத்தான். வடிகாலைத் தாண்டிய அன்றைக்கு 'டொக்' என்றது இதுதான். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை கோழிமுட்டைபோல நீண்டிருந்தது. போல்ட் ஓர் ஓரத்தில் சாய்ந்துகொண்டிருந்தது. மறு ஓரத்து இடுக்கில் செவ்வாய்க்கிழமை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏரிக்காற்று அதிலிருந்து மெல்ல வீசியது. அண்ணி சுண்டுவிரலை விட்டு எடுத்தார், விரல் சூடாக இருந்தது. காதை வைத்துக் கேட்டார். உள்ளே நேர்கோட்டின் குரல் ஒரு குளவியைத் திட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா பேசறீங்களே கொழுந்தனாரே. இதெல்லாம் உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"முடுக்குங்க அண்ணி, நேரமாகுது."

"முடுக்கினா பத்தாது. ஓட்டையே கோணல். முதல்ல அதை வட்டமாக்கணும்."

போல்ட்டைக் கழற்றி, இருபுறமும் தடித்த இரும்பு வளையங்களை வைத்துப் பற்றவைத்து, சரியான அளவில் துளைபோட்டார். நீலப் பொறி பறந்தது. கூட்ட அறையிலிருந்து ஆறாவது 'இறுதியாக' கேட்டது. புது போல்ட்டைச் செருகி, தன் உயரத்துக்குச் சமமான ஸ்பானரால் கால் கால் சுற்றாக முடுக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் இடுக்கிலிருந்து ஒரு மணி நேர வெயிலோ மழையோ பிதுங்கி அவருடைய முகத்தில் வழிந்தது. முழுக்க முடுக்கிவிட்டு வெளியே உருண்டுவந்தார். "உள்ள மூணு நாள் திருப்பம் இருக்கு. எப்படியும் வெளிய வந்தாகணும். நின்ன இடத்துல வந்தா மூட்டெல்லாம் முறிஞ்சிடும். ஏறி உக்காருங்க, சின்ன கியர்ல உருட்டிட்டே இருங்க. ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க. பிரேக்கு மட்டும் உங்களுது" என்றார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

துணிப்பையில் கடைசியாகத் திணித்தது முதலில் வருவதுபோல, வியாழக்கிழமை காலை முதலில் வந்தது. ஜீப் மைதானத்தில் சந்தையைச் சுற்றியது, இல்லாத வேகத்தடைகளுக்கு விலகியது. புதன்கிழமை வந்தது, வண்டி வங்கி முனையில் வளைந்தது, பள்ளிக்கூடத்து வாசலில் அரைவட்டம் அடித்தது. ஒரு நாள் பூராவும் ஓடுகிற ஓட்டம் மூன்று நிமிஷத்துக்குள் வந்தது. செம்மண் எழும்பிக் குடைபோல நின்றது. ஜன்னல்கள் திறந்தன, எழுத்தர்கள் மேஜைகளை விட்டு வந்தார்கள், கேன்டீன்காரர் தட்டோடு வந்தார். செவ்வாய்க்கிழமையின் மலைப்பாதைகள் வந்தபோது ஜீப் சமதரையில் கொண்டையூசிபோல வளைந்து வளைந்து ஆடியது. யாரோ கைதட்டினார், அதைத் தாளமென்று நினைத்து எல்லோரும் தட்டினார்கள். நேர்கோடு கைகள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சிரித்தான். அவனுடைய தலைவகிடு கலைந்திருந்தது. அவன் இவ்வளவு பல் வைத்திருக்கிறான் என்பது அலுவலகத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாகத் திங்கட்கிழமைச் சாயங்காலமும் வந்து தீர்ந்தது. வண்டி நேராக உருள ஆரம்பித்தது.

"நிறுத்தாதீங்க!" என்று அண்ணி கத்தினார். "குளவி இன்னும் வரலை! முட்டற வரைக்கும் ஒடிச்சது, உள்ள மாட்டிட்டு நிக்குது!"

கூட்ட அறைக் கதவு அப்போதுதான் திறந்தது. பதினோராவது இறுதியில் கைதட்டல் கேட்டு, அது தமக்கென்று நம்பி, தலைமைப் பொறியாளர் கையில் தாளோடு வெளியே வந்தார். புழுதியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், ஸ்பானரோடு நின்ற அண்ணியைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரே தடவையாக மூன்று பொருள்களை உண்மையிலேயே பார்த்தார். மைதானத்து நடுவில் போய்க் கையை உயர்த்தி நின்றார். அவருக்குப் பின்னால் ஓடிவந்த தட்டச்சர், "ஐயா, வேணாம், இன்னும் மூணு இறுதி பாக்கி" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் பார்த்துக் குளவித் திருப்பம் வந்தது. ஸ்டீயரிங் தானாக இடப்பக்கம் முட்டும்வரை ஒடிந்தது. ஜீப் ஒரே வீச்சில் திரும்பி அவர்கள் இருவருக்கும் நேராகப் பாய்ந்தது. நேர்கோடு இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தான். வண்டி கிறீச்சிட்டு, தலைமைப் பொறியாளரின் மூன்றாவது சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவருக்குப் பின்னால் மனைவி கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "இதுதானா அது?" என்றாள்.

"அதேதான்" என்றான் அவன்.

ஆட்டம் என்பது அழிகிற பொருள் அல்ல, இடம் மாறுகிற பொருள் என்று அண்ணி பிற்பாடு சொன்னார். வண்டியில் அதற்கு இடமில்லை. அந்த மைதானத்தில் அப்போது காலியாகத் திறந்திருந்தது ஒரு வாய்தான். தலைமைப் பொறியாளர் வாயை அகலத் திறந்து கத்தினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் கத்தினார், நரம்பு புடைத்தது, தாள் பறந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எழுத்தர்கள் அதை நிதானம் என்று எடுத்துக்கொண்டு, மரியாதையாகக் கலைந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை குறித்த நேரத்தில் ஜீப் மலையேறியது. முன்சீட்டில் தலைமைப் பொறியாளர் வாயசைத்துக்கொண்டே வந்தார். தலைமையகத்துக்காரர்கள் இருவரும் என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்துத் தலையாட்டினார்கள். பதினோரு மணிக்குமேல் கழுத்து வளைவு வந்தது. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் காற்று. சொல்லிவைத்தாற்போல ஒரு குளவி உள்ளே நுழைந்து அவன் காதருகே பாடியது. அவன் அசையவில்லை. பின்னாலிருந்து மனைவியின் கை நீண்டு, முப்பத்தோராம் பக்கத்தால், பதினாலாவது இறுதியால், அதை மெதுவாகக் காற்றுக்குள் தள்ளிவிட்டது. அவன் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினான். வண்டி வலப்பக்கம் திரும்பியது. அப்போதே, அந்த நொடியே திரும்பியது. இப்படியும் ஓர் அதிசயம் உலகத்தில் நடக்குமா என்று அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மிச்சமிருந்த ஏழு வளைவுகளையும் தேவைக்குமேல் அழகாகத் திருப்பினான். "என்ன, குழந்தை மாதிரி" என்றாள் பின்னாலிருந்து அவள். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பினான்.

தொட்டியின் முன்னால் தலைமைப் பொறியாளர் ஒன்றேகால் மணி நேரம் சத்தமில்லாமல் பேசினார். அவருடைய வாழ்நாளில் அதுதான் சிறந்த பேச்சு என்று இரண்டு விருந்தினரும் எழுதிக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, 'நிறுத்து!' என்ற குரல் இரண்டு தடவை அவரிடமிருந்து வெளியே வந்தது. அவருடைய மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எதை என்று கேட்டார். அதற்கான பதில் புதன்கிழமை வந்தது. திறப்புவிழாப் பேச்சு, திங்கட்கிழமை அவர் முடிதிருத்துகிறவரின் நாற்காலியில், முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தபோது, பன்னிரண்டு மணிக்கு முழுசாக வெளியே வந்தது. முடிதிருத்துகிறவர் கத்தியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் 'இறுதியாக'வுக்கும் முன்னால் வருவார், பிறகு தள்ளி நிற்பார். பதினாலாவதுக்குப் பிறகுதான் மற்றக் கன்னத்தை வழித்தார்.

அலுவலகத்தில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவரிடமிருந்து ஒரு பதில் வாங்க எப்போதுமே மூன்று நாள் ஆகும். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது, போகும்போது கண்ணாடிக் கண்ணை எடுத்துப்போனார். வண்டிப் புத்தகத்தில் நேர்கோடு எழுதிய 'திருப்பம் உடனே போய்ச் சேர்கிறது' என்ற வரிக்குக் கீழேயும் பச்சை மையில் 'பார்த்தேன்' என்று இருக்கிறது. இப்போதும் அவருக்குச் செவ்வாய்க்கிழமை வணக்கம் சொல்கிறவர்கள் வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு, அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் போய் நின்று, பதில் வணக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் நேர்கோட்டின் ஜீப்பில் போகிறார்கள். அது திருப்பின இடத்தில் திரும்புகிறது.